பொடிக்குப் பாக்கு வைத்த கதை

ஏழு வருஷமாகத் தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்த கீழாநெல்லிப் பொடி, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, குடுவை கழுவுகிற சண்பகவடிவு வெற்றிலைத் தட்டை நீட்டி 'வாங்க' என்று அழைத்ததும் கரைந்தது. பாறைக்குளம் ஊரில் யாரும் இதற்காக மூக்கில் விரல் வைக்கவில்லை. கூப்பிட்டால்தானே வருவார்கள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தப் பொடி பிறந்த இடம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த மருந்துக் கூடம். அதற்கு நீளமாக ஒரு பெயர்ப்பலகை உண்டு என்றாலும், காலையில் வண்டி வண்டியாகத் தழை உள்ளே போய், சாயங்காலம் குப்பி குப்பியாக வெளியே வருவதால், ஊர் அதைத் தழைக் கம்பெனி என்றுதான் சொல்லும். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை டாக்டர் ஜெபராணி. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது ஊரறிந்த வைத்தியம்தான். ஆனால் அந்தச் செடிக்குள் இருக்கும் சத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, வெள்ளை வெளேரென்று ஒரு பொடியாக்கி, கெட்டுப்போன ஈரலுக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஏழு வருஷம் தவம் கிடந்தாள். பொடி முதல் வருஷமே வந்தது. கரையத்தான் இல்லை. கரையாத மருந்து ரத்தத்தில் சேராது, ரத்தத்தில் சேராத மருந்து வாய் வழியே போய், ஊர்வலம் வந்து, ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். காசிக்குப் போயும் கருமம் தொலையாத கதைதான்.

டாக்டர் செய்யாத வித்தை இல்லை. பொடியை மாவினும் மாவாக அரைத்தாள், கொழுப்புக்குள் பொதிந்தாள், சர்க்கரையால் கூண்டு கட்டி அதற்குள் உட்கார வைத்தாள், காய்ச்சினாள், உறைய வைத்தாள், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிற இயந்திரத்தில் போட்டுத் தலைசுற்ற வைத்தாள். சுற்றும்வரை கலந்த மாதிரி இருந்துவிட்டு, இயந்திரம் நின்றதும் பொடி தன் மானம் மரியாதையோடு மேலே மிதந்து வந்து குடுவையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை, கழுவிய குடுவைகளைக் கூடையில் சுமந்துகொண்டு உள்ளே வந்த சண்பகவடிவு, டாக்டர் தலையில் கை வைத்து நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன டாக்டரம்மா, சீக்குக்கோழி கணக்கா நிக்கீங்க?"

"கரைய மாட்டேங்குது வடிவக்கா. எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு."

வடிவு கூடையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பொடி நடுவில் இல்லை. கண்ணாடி ஓரமாகச் சாய்ந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் போய்விடாமலும் நின்றது. அவளுக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். கல்யாணப் பந்தலுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வாசல் மேல் வைத்துக்கொண்டு நிற்கிற எத்தனை சித்தப்பாக்களையும் மச்சான்களையும் அவள் பார்த்திருக்கிறாள். பாறைக்குளத்தில் எந்த விசேஷத்தில் யார் முறுக்கிக்கொண்டாலும் வடிவைத்தான் கூப்பிட்டு விடுவார்கள்; அவள் போய் இரண்டு வார்த்தை பேசினால், முறுக்கிக்கொண்டவர் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்காருவார்.

"கரையாம இல்ல டாக்டர். கோவிச்சுக்கிட்டு நிக்காக" என்றாள் வடிவு.

"யாரு?"

"இவுகதான். மொறையா யாராச்சும் கூப்பிட்டீகளா?"

"கூப்பிடுறதா? கலக்குனேன். சூடு பண்ணுனேன். மூவாயிரம் சுத்து சுத்துனேன்."

"அது கழுத்தப் புடிச்சு உள்ள தள்ளுறதுல்லா? சூடு சொரணை உள்ளவுக யாராச்சும் அப்படி வருவாகளா?"

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்து, மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, குடுவைக்கு முன்னால் நீட்டினாள். "வாங்க. தப்பு எங்க பேர்லதான், மனசுல வச்சுக்காதீக. தண்ணி ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கு. நீங்க வந்தாத்தான் எலை போடணும்" என்றாள். பொடி கொஞ்ச நேரம் பிகு பண்ணியது. பிறகு ஒரு ஓரம் இளகியது, இன்னொரு ஓரம் திரும்பிப் பார்த்தது, அப்புறம் மளமளவென்று மொத்தக் குடும்பமாக உள்ளே இறங்கிப் போய்விட்டது. தண்ணீர் பளிங்காக நின்றது. டாக்டர் ஜெபராணி அளவு பார்த்தாள், இயந்திரம் முழுசும் கரைந்தது என்றது; இன்னொரு இயந்திரத்தைக் கேட்டாள், அதுவும் அப்படியே சொன்னது. உடனே தன் ஆய்வுப் பதிவேட்டில் வெப்பம், எடை, நேரம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'அழைத்தவர்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு வடிவின் பெயரை எழுதினாள்.

வடிவு சந்தோஷத்தில் கையில் இருந்த குடுவையைக் கீழே போட்டு உடைத்தாள். அவள் சந்தோஷத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அவளுடைய ஒரே அண்ணன் ஆவுடையப்பன், ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனுஷன், ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து ஈரல் கெட்டு, தலை முதல் கால் வரை மஞ்சள் பூத்துக் கிடந்தார். தை பிறப்பதற்குள் ஈரல் தேறாவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்தப் பொடி கரைந்தால் அவர் பிழைப்பார் என்று டாக்டர் ஜெபராணி சொல்லியிருந்தாள். ஆனால் அண்ணனும் தங்கையும் பேசி ஒன்பது வருஷமாகிறது. வடிவின் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது அடித்த அழைப்பிதழில், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று, அவர் வரவில்லை, வராதவர் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று இவளும் இருந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம் என்று பெண்கள் இவள் காதுபடவே பேசுவார்கள்.

பொடி வந்த செய்தி ஊருக்குள் போனதும், பொடி எந்த வகையில் உறவு என்பதுதான் முதல் பிரச்சினையாயிற்று. கீழாநெல்லி எங்கள் கொல்லையில் முளைப்பது, ஆகவே எங்களுக்குப் பங்காளி என்றார்கள் கீழத்தெருக்காரர்கள்; எங்கள் வரப்பில்தான் அதிகம் முளைக்கிறது, ஆகவே சம்பந்தி முறை என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். மூன்று நாள் வாக்குவாதம் நடந்து, யாருக்கும் பாதகமில்லாமல் பொடி ஊருக்கே ஒன்றுவிட்ட அத்தான் என்று முடிவாயிற்று. அதிலிருந்து இளவட்டப் பெண்கள் கம்பெனிப் பக்கம் போகும்போது கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு போனார்கள்.

அப்புறம் ஊருக்கே அழைக்கிற பித்துப் பிடித்தது. பாயசக்கார நல்லமுத்து, அடிப்பிடித்த ஜவ்வரிசியைத் தாம்பூலம் வைத்து அழைத்தார். கணக்கு வாத்தியார் வகுத்தல் கணக்கைத் தன் வகுப்புப் பிள்ளைகளின் மண்டைக்குள் வரும்படி குடும்பத்தோடு வந்து கேட்டுக்கொண்டார். வகுத்தல் வரவில்லை, பெருக்கல் மட்டும் மரியாதைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மருந்துத் துறையிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, செய்முறைப் புத்தகத்தில் ஏழாவது படியாக 'வெற்றிலை இரண்டு, கொட்டைப்பாக்கு ஒன்று, இன்சொல் தேவையான அளவு' என்று எழுதியிருப்பதைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். தேவையான அளவு என்றால் எத்தனை கிராம் என்று மட்டும் கேட்டார். பிறகு டாக்டரைத் தனியே அழைத்து, தன் மூத்த மருமகன் தலைதீபாவளிக்கு வந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டதாகச் சொல்லி, வடிவக்காவை ஒருநாள் அனுப்ப முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மத்தியானம் மூன்று மணி வரைக்கும். தினமும் காலையில் வந்து கரைகிற பொடி, தினமும் மூன்று மணிக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, குடுவையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சத்தும் பாதி போய், நிறமும் பழுத்திருந்தது. வெளிச்சம் படுகிறது, காற்றுப் படுகிறது, அதனால்தான் நிலைக்க மாட்டேன் என்கிறது என்றாள் டாக்டர். பந்தியில் பாதியில் எழுந்திருக்கிற ஆள் காற்றுக்காகவா எழுந்திருக்கிறான் என்று கேட்டாள் வடிவு.

சரி, குறை வைக்காமல் செய்துவிடுவோம் என்று ஊர் கூடி சிவகாசியில் அழைப்பிதழ் அடித்தது. 'நிகழும் மங்களகரமான கார்த்திகை மாதம், திருவளர்செல்வன் கீழாநெல்லிப் பொடி அவர்கள் தண்ணீருடன் கலக்கும் சுபவைபவம்' என்று பொன்னெழுத்தில் போட்டு, தங்கள் நல்வரவை நாடுவோர் என்று ஊரில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்களின் பெயரையும் பட்டத்தோடு போட்டார்கள். மேளம் வந்தது, பந்தல் வந்தது, பொடிக்கு ஜரிகைத் துண்டு வந்தது. பொடியும் உச்சி குளிர்ந்து, வழக்கத்தை விட வேகமாகக் கரைந்தது. மூன்று மணிக்குப் பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் ஒரு குறை சொன்னார்கள். வடை ஊசல் என்றார் ஒருவர், மேளம் சுதி பேதம் என்றார் இன்னொருவர். வடிவு மட்டும் அழைப்பிதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போய், கடைசியில் நிமிர்ந்தாள்.

"டாக்டரம்மா, இவுகளுக்கு ஒட்டுறவுன்னு யாரு இருக்கா? செடி வகையில?"

"புத்தகத்துப்படி பார்த்தா பெரிய நெல்லிதான். மரம். ரெண்டும் ஒரே குடும்பம், ஒரே வர்க்கம்."

"அப்ப அதுல்லா தாய்மாமன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வடிவு. "பாவிகளா, ஊருல இருக்க சுண்டெலி வரைக்கும் பேரு போட்டுட்டு, தாய்மாமன விட்டுட்டீகளே!"

இதைவிடப் பெரிய தப்பு பாறைக்குளத்தில் இல்லை. தாய்மாமன் இல்லாத சபையில் எந்த மானமுள்ளவன் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பான் என்று பொடியின் பக்கம் நியாயம் பேசிக்கொண்டே, மேளத்தை முன்னால் விட்டு, மொத்த ஊரும் மலையடிவாரத்து நெல்லிமரத்தைப் பார்த்து ஓடியது. மரம் முகம் கொடுக்கவில்லை. கார்த்திகை மாதத்தில் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்க வேண்டிய மரம், ஒரு காயும் கண்ணில் படாதபடி இலைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நின்றது. வடிவு முன்னால் போய் முந்தானையை ஏந்தினாள். "மாமா, சின்னஞ்சிறுசுக செஞ்ச தப்பு. நீங்க இல்லாம ஒங்க மருமவன் சபையில தலை குனிஞ்சு நிக்கான். வாங்க மாமா" என்றாள். மரம் ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த கணம் பொலபொலவென்று காய் உதிர்ந்ததில், மேளக்காரருக்கு மண்டையில் ஒன்று, பஞ்சாயத்துத் தலைவருக்கு மூக்கில் ஒன்று என்று ஊரில் பாதிப் பேருக்கு அடி. அடிபட்டவர்கள் மாமன் கை பட்டது என்று பெருமையாகத் தடவிக்கொண்டார்கள்.

நெல்லிச்சாறு சேர்ந்ததும் பொடி நிலைத்துவிட்டது. மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று, பொழுது சாய்ந்தது, பத்து நாள் போயிற்று, அசையவில்லை. நெல்லியின் புளிப்பு காற்றையும் வெளிச்சத்தையும் கிட்ட வரவிடாமல் தடுத்துக்கொள்கிறது என்று டாக்டர் தன் பதிவேட்டில் எழுதினாள். மாமன் வாசலில் உட்கார்ந்திருந்தால் எவன் உள்ளே வந்து வம்பு பண்ணுவான் என்று ஊர் சொன்னது. இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்பதால் சண்டை வரவில்லை.

முதல் குப்பி யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. வடிவு அதை அண்ணன் வீட்டுக்குத் தன் மதினி கோமு கையில் கொடுத்தனுப்பினாள். அரைமணி நேரத்தில் கோமு குப்பியோடு திரும்பி வந்தாள். பளிங்காகப் போன மருந்து, அந்த வீட்டு நடைப்படி ஏறியதும் அப்படியே அடியில் படிந்துவிட்டது. இரண்டாவது குப்பியைத் துணியில் சுற்றி அனுப்பினாள், மூன்றாவதை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினாள். மூன்றும் அப்படியே திரும்பி வந்தன.

"நீ வராம அது அந்த வீட்டுக்குள்ள நிக்காது வடிவு" என்றாள் கோமு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. அந்தப் பொடிக்கே பாக்கு வச்சு கூப்பிட்டா, நெல்லிமரத்துக்கு முந்தானை ஏந்துனா, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லன்னு செவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. மார்கழி பாதி ஆச்சுட்டி."

ஊரில் எவன் கோபத்தையும் தீர்க்கிறவளுக்குச் சொந்த அண்ணன் வீட்டுக்கு நடக்க இரண்டு தெரு, இரண்டு மலையாக இருந்தது. நாலாவது குப்பியை எடுத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் டாக்டர் ஜெபராணி பதிவேட்டோடு வந்தாள், அவள் பின்னால் கோமு, கோமுவுக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, மேளம்.

ஆவுடையப்பன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகு அத்தனையும் எலும்பாக இருந்தது. வடிவு ஒரு டம்ளரில் மருந்தை ஊற்றினாள். ஊற்றும்போதே பொடி பிரிந்து கீழே இறங்கத் தொடங்கியது.

"வாங்க" என்று ஆரம்பித்தாள். "தப்பு எங்க பேர்லதான். மனசுல வச்சுக்காதீக. நீங்க இல்லாம எங்களுக்கு எந்த சபை..."

பொடி இன்னும் வேகமாக இறங்கியது. நூறு பந்தலில் நூறு பேரிடம் சொன்ன சொல் அது. அவள் நாக்கு தானாகச் சொல்லிக்கொண்டு போனது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் முதுகு அசையவே இல்லை. டம்ளரின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டது மருந்து. அதைப் பார்த்ததும் வடிவுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வெற்றிலைத் தட்டைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"ஏ, திரும்பிப் பாரு! ஒன்னத்தான்!" என்று கத்தினாள். "பேரு விட்டுப்போச்சு, ஆமா விட்டுப்போச்சு! விட்டது அச்சுக்காரன். அதப் பாத்த பெறவும், ஓடி வந்து ஒங்கிட்ட சொல்லாம வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள கெடந்தது நான். நாந்தான்! அதுக்காவ வராம இருந்துருவியா? எங்கூடப் பொறந்தவனுக்கு எங்க வீட்டுக்கு வர கார்டு என்னத்துக்கு? ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு நிக்கான், எம்பிள்ள வாசலப் பாத்துப் பாத்து அழுவுது, எவன் மடியிலயும் ஒக்கார மாட்டேங்கு. கல்லா ஒன் நெஞ்சு? இப்ப என்னடான்னா, மொகத்தத் திருப்பிக்கிட்டுச் சாவப் பாக்குத. யாரக் கேட்டுச் சாவுத? என்னக் கேக்காமச் சாவ ஒனக்கு ஏது உரிமை?"

சத்தத்தில் வாசலில் நின்ற மேளக்காரர் நாயனத்தைக் கீழே போட்டார். வடிவு அழுதாள், திட்டினாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் முதலில் இருந்து திட்டினாள். சின்ன வயதில் தன் பங்குக் கருப்பட்டியை அவர் பிடுங்கித் தின்றது வரைக்கும் எடுத்துப் போட்டுத் திட்டினாள். டாக்டர் ஜெபராணிதான் முதலில் டம்ளரைப் பார்த்தாள். ஒவ்வொரு வசவுக்கும் ஒரு பிடி பொடி அடியிலிருந்து கிளம்பி, தண்ணீருக்குள் ஏறி, இருந்த இடம் தெரியாமல் கலந்துகொண்டிருந்தது. கருப்பட்டிக்கு வந்தபோது டம்ளர் முழுசும் தெளிந்துவிட்டது.

ஆவுடையப்பன் மெல்லத் திரும்பினார். மஞ்சள் பூத்த கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏட்டி வடிவு" என்றார். "அன்னிக்கு விடியுமுன்ன குளிச்சுட்டேன். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, பிள்ளைக்கு வாங்குன கம்மலச் சட்டப் பையில போட்டுக்கிட்டு, கதவத் தொறந்து வச்சு ஒக்காந்திருந்தேன். கார்டும் வேணாம் பாக்கும் வேணாம், தெரு முக்குல நின்னு இப்படி ஒரு சத்தம் போடுவ, ஓடி வந்துரலாம்னுதான். மேளம் நிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்."

இரண்டு தெரு தள்ளி இந்த மனுஷன் வேட்டி கட்டி உட்கார்ந்திருக்க, தான் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நினைத்த வடிவு, அவர் தலையணையைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, டம்ளரை அவர் வாயில் வைத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"கசக்குதுட்டி."

"கசக்கத்தான் செய்யும். குடி."

கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கச்சியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வார்த்தை திட்டேன்" என்றார்.